வேர்டு கோப்பு ஏன் இப்படி வீங்குகிறது? எங்கள் டி.டி.பி. கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர், வண்ணாரப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பென் டிரைவோடு வருகிறவர்கள் எங்கள் கடையில் கேட்கும் கேள்விகள் இவை. மார்ச், ஏப்ரலில் கல்லூரி பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலத்தில் ஒரே பதிலை நாள் முழுவதும் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதியே வைத்துவிட்டோம். கட்டளைகளின் பெயர்கள் வேர்டு 2016க்குப் பிந்தைய பதிப்புகளில் திரையில் உள்ளபடி, தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. பழைய பதிப்புகளில் இடம் சற்று மாறியிருக்கலாம்.

அண்ணா, முப்பது பக்கம்தான் தட்டச்சு செய்திருக்கிறேன். 60 எம்.பி. காட்டுகிறதே, இரண்டு அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா?

வேண்டாம் தம்பி, உங்கள் எழுத்து ஒரு குற்றமும் செய்யவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையில், வேர்டு சேமிக்கும் விதத்தில், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம் தேவை. 'க' என்றால் 3 பைட். 'கு' என்றால் ககரமும் உகரக்குறியும் சேர்ந்து 6 பைட். ஒரு பக்கத்துக்கு 1,500 குறிகள் என்று வைத்துக்கொண்டால் 4,500 பைட். இருநூறு பக்க ஆய்வேடே 9 லட்சம் பைட்தான், அதாவது ஒரு எம்.பி.க்கும் குறைவு. வடிவமைப்புக் குறிப்புகள் இதனுடன் சேர்ந்தாலும், வேர்டு எல்லாவற்றையும் சுருக்கித்தான் சேமிக்கிறது. ஆகவே பத்திகளை வெட்டுவது, எழுத்தின் அளவை 12இலிருந்து 11 ஆக்குவது, வரி இடைவெளியைக் குறைப்பது எதனாலும் கோப்பு இளைக்காது. தாள் செலவு வேண்டுமானால் மிச்சமாகும்.

அப்படியென்றால் கனம் எங்கே ஒளிந்திருக்கிறது? அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். பார்க்காமல் எதையும் சுருக்க ஆரம்பிக்காதீர்கள் என்பதே எங்கள் ஒரே கண்டிப்பு.

டாக்எக்ஸ் என்று முடியும் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு. ஆஃபீஸ் 2007இலிருந்து இப்படித்தான். இதன் அமைப்பு 2006இல் எக்மா என்ற தர அமைப்பின் தரமாகவும், 2008இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. எனவே திறந்து பார்ப்பதில் எந்தக் கள்ளத்தனமும் இல்லை. முதலில் கோப்பை நகல் எடுங்கள். விண்டோஸில் கோப்புகளைக் காட்டும் ஜன்னலில் 'வியூ' பகுதிக்குப் போய், 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் பெயரின் கடைசிப் பகுதி கண்ணில் படாது. பிறகு நகலின் பெயரில் 'டாக்எக்ஸ்' என்ற முடிவை 'ஜிப்' என்று மாற்றுங்கள். கோப்பு கெட்டுப்போகலாம் என்று விண்டோஸ் பயமுறுத்தும். நகல்தானே, 'யெஸ்' கொடுங்கள்.

உள்ளே 'வேர்டு' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'மீடியா' இருந்தால் அது படங்களின் இடம். 'ஃபான்ட்ஸ்' இருந்தால் எழுத்துருக்கள் கோப்போடு கட்டப்பட்டிருக்கின்றன. 'எம்பெடிங்ஸ்' இருந்தால் எக்செல் தாளோ வேறொரு கோப்போ முழுதாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 'மீடியா'வைத் திறந்து அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று படங்கள்தான் மொத்தக் கனத்தையும் சுமந்துகொண்டிருக்கும். எந்தப் படம் என்று தெரிந்தபின் அதை மட்டும் கவனித்தால் போதும். நாற்பது படங்களையும் மங்கலாக்க வேண்டியதில்லை.

'டாக்' என்று முடியும் பழைய கோப்பை இப்படித் திறக்க முடியாது. வேர்டில் திறந்து, எஃப்12 அழுத்தி, டாக்எக்ஸாகச் சேமித்துவிட்டுப் பாருங்கள். சில சமயம் அந்த மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. போன் தொலைந்து, அதிலிருந்த படங்களும் போய், பழைய வேர்டு கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வருகிறவர்களுக்கு இந்த 'மீடியா' ஃபோல்டரிலிருந்துதான் படங்களை எடுத்துக் கொடுக்கிறோம்.

படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கிவிட்டேன். அப்படியும் அளவு குறையவில்லையே?

நீங்கள் குறைத்தது தாளில் படம் பிடிக்கும் இடத்தை. உள்ளே இருக்கும் படம் அப்படியேதான் இருக்கிறது. தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் வேர்டு பெரும்பாலும் மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கும். நாளை நீங்கள் மனம் மாறி மறுபடி பெரிதாக்கலாம் அல்லவா?

12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்த படம் 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஜேபெக் வகையில் அது பொதுவாக 3 முதல் 5 எம்.பி. வரும். ஏ4 தாளில் அதை 6 அங்குல அகலம், 4.5 அங்குல உயரத்தில் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். அங்குலத்துக்கு 220 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்துக்குத் தேவையானது 1320 × 990, ஏறக்குறைய 13 லட்சம் புள்ளிகள். மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. மீதி எட்டுப் பங்கும் எங்கள் பிரிண்டருக்குத் தெரியவே போவதில்லை. அதை நீங்கள் பென் டிரைவில் சும்மா சுமந்து வருகிறீர்கள்.

சரி, உள்ளே இருக்கும் படத்தை உண்மையாகவே எப்படிக் குறைப்பது?

ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்குங்கள். மேலே 'பிக்சர் ஃபார்மட்' என்ற பட்டை வரும். சொடுக்கினால்தான் வரும். அதைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். அதில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' என்பதைத் திறந்தால் மேலே இரண்டு கட்டங்கள் இருக்கும். 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்பதில் டிக் இருந்தால் அந்த ஒரு படம்தான் குறையும். எல்லாப் படங்களும் குறைய வேண்டுமென்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். 'டெலீட் கிராப்டு ஏரியாஸ்' என்பதில் டிக் இருக்கட்டும்.

கீழே 330, 220, 150, 96 என்று எண்கள் வரும். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதன் கணக்கு இது. பைண்டிங் செய்து துறையில் கொடுக்க வேண்டிய பிராஜெக்டுக்கு 220. இணையத்தில் ஏற்றவோ, பேராசிரியர் திரையில் படித்துத் திருத்தவோ 150. 96ஐ நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. முகம் மட்டும் உள்ள படத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் மின்சுற்றுப்படம், வரைபடம், ஸ்கேன் செய்த சான்றிதழ் என்று எழுத்து உள்ள எதுவும் 96இல் வாசிக்க முடியாமல் போகும்.

'ஓகே' கொடுத்ததும் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். சேமித்த பிறகுதான் அளவு மாறும். அசல் கோப்பை விட்டுவிட்டு வேறு பெயரில் சேமியுங்கள், ஏனென்றால் சேமித்து மூடிய பிறகு போன புள்ளிகள் திரும்பி வராது.

இவ்வளவு செய்தும் குறையாவிட்டால், 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய் 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' என்ற பகுதியைப் பாருங்கள். 'டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதில் யாராவது டிக் போட்டிருப்பார்கள். பல பேர் உட்காரும் பிரௌசிங் சென்டர் கணினிகளில் இது சகஜம். அதே இடத்தில் 'டிஸ்கார்டு எடிட்டிங் டேட்டா' என்பதையும் டிக் செய்யுங்கள். படத்தின் நிறத்தை, வெளிச்சத்தை வேர்டுக்குள்ளேயே மாற்றியிருந்தால், மாற்றுவதற்கு முன்பிருந்த பிரதியும் உள்ளே இருக்கும். அது போய்விடும்.

ஆதார் அட்டையின் ஸ்கேனில் எண் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். அதுவும் உள்ளே இருக்கிறதா?

இருக்கிறது, சார். 'கிராப்' என்பது வெட்டுவது அல்ல, மறைப்பது. புகைப்படத்தின் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து ஃபிரேம் போடுவது போல. பெறுகிறவர் படத்தைச் சொடுக்கி, 'கிராப்' கருவியை எடுத்து ஓரத்தை இழுத்தால் எண் வெளியே வந்துவிடும். மேலே சொன்ன 'டெலீட் கிராப்டு ஏரியாஸ்' கொடுத்துச் சேமித்தால்தான் அது உண்மையில் நீங்கும்.

எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து மறைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். பெட்டியைச் சொடுக்கி 'டெலீட்' அழுத்தினால் அடியில் எல்லாம் தெரியும். பெட்டிக்கு அடியில் உள்ள எண்ணை எந்தக் 'கம்ப்ரஸ்' கட்டளையும் நீக்காது. அடையாள ஆவணங்களைப் பெயிண்ட் போன்ற மென்பொருளில் மறைத்து, புதிய படமாகச் சேமித்து, அதன்பிறகு வேர்டில் சேருங்கள்.

வாட்ஸ்ஆப் வெப்பில் படத்தை நகலெடுத்து அப்படியே ஒட்டுகிறேன். அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

கண்ட்ரோல்-வி கொடுத்து ஒட்டும்போது படம் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது வேர்டுக்குத் தெரியாது. கிளிப்போர்டில் இருக்கும் புள்ளிகளை எடுத்து, பெரும்பாலும் பி.என்.ஜி. வகையாக வைத்துக்கொள்ளும். பி.என்.ஜி. ஒரு புள்ளியையும் இழக்காமல் சேமிக்கும் வகை. கோடுகளும் எழுத்துகளும் உள்ள திரைப்பிடிப்புக்கு அதுவே சரி. அங்கே ஜேபெக் பயன்படுத்தினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல இருக்கும். ஆனால் காசிமேடு துறைமுகத்தில் படகுகள் நிற்கும் புகைப்படத்தை பி.என்.ஜி.யாக வைத்தால், ஜேபெக்கில் இருந்ததைவிடப் பல மடங்கு வீங்கும். கடலும் வானமும் பார்வைக்கு ஒரே நீலம்தான், ஆனால் புள்ளிக்குப் புள்ளி நிறம் சிறிது மாறிக்கொண்டே இருக்கிறது. பி.என்.ஜி. அந்த மாற்றம் ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும்.

எனவே புகைப்படமாக இருந்தால் முதலில் கணினியில் சேமியுங்கள். பிறகு 'இன்செர்ட்', 'பிக்சர்ஸ்' வழியாகச் சேருங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? படத்தை 'கட்' செய்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' திறந்து, ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஒட்டுங்கள்.

வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிவிடுகிறது என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். பிராஜெக்ட் வேலைக்கு அந்தச் சுருங்கிய படம் தாராளமாகப் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். முழுப் படம்தான் வேண்டும் என்றால் அனுப்புகிறவரை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

மதிப்பெண் பட்டியல், டி.சி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பின்னிணைப்பில் சேர்த்தேன். அங்கிருந்துதான் ஏறியது.

எதிர்பார்த்ததுதான். ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம், சுருக்குவதற்கு முன் 2 கோடியே 60 லட்சம் பைட். அதே தாளைச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. வெறும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் 11 லட்சம் பைட்கூட இல்லை. முத்திரையும் கையெழுத்தும் வண்ணத்தில் தெரிய வேண்டிய ஆவணங்களை மட்டும் வண்ணத்தில் எடுங்கள். தட்டச்சுத் தாளுக்குச் சாம்பல் நிறமும் 150 அல்லது 200 டி.பி.ஐ.யும் போதும். ஜெராக்ஸில் எப்படியும் கறுப்பு-வெள்ளையில்தான் வரப்போகிறது.

படமே இல்லாத தமிழ்க் கடிதம். அதுவும் சில எம்.பி. வருகிறது. எழுத்துரு காரணமாக இருக்குமா?

படமில்லாத தமிழ்க் கோப்பு வீங்கினால் எங்கள் முதல் சந்தேகமும் அதுதான்.

தமிழ் தட்டச்சின் பழைய கதை இதற்குக் காரணம். பாமினி போன்ற எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கடிதம் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஒரு கடையில் தட்டச்சு செய்து இன்னொரு கடையில் அச்செடுத்துப் பழகியவர்கள் இதில் அடிபட்டிருப்பார்கள். அதனால் தட்டச்சு செய்துகொடுப்பவர் எச்சரிக்கையாக 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' என்பதை டிக் செய்துவிடுகிறார். அப்போது எழுத்துரு முழுவதும் கோப்போடு சேர்ந்துகொள்கிறது. சாய்வு, தடிமன் என்று வகைகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனியாகச் சேரும்.

'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போனால் கடைசியில் அந்தக் கட்டம் இருக்கும். கோப்பை இனி யாரும் திருத்தப்போவதில்லை என்றால் அதன் கீழுள்ள 'எம்பெட் ஒன்லி தி கேரக்டர்ஸ் யூஸ்டு' என்பதை டிக் செய்யுங்கள். பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் சேரும், அளவு நன்றாகக் குறையும். ஆனால் அடுத்தவர் புதிதாக ஒரு சொல் தட்டச்சு செய்ய முயன்றால், அந்தச் சொல்லுக்கான எழுத்து அங்கே இல்லாமல் போகலாம்.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாறுவது. 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற இன்னொரு தமிழ்க் குறிமுறையையும் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டுவிட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலேயே லதா எழுத்துரு இருந்தது. விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா யு.ஐ. உடன் வருகிறது. இவற்றில் தட்டச்சு செய்தால் எழுத்துருவைக் கட்டி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. பழைய எழுத்துருவிலேயே கை பழகியவர்களை வற்புறுத்தவும் முடியாது. அவர்களுக்குச் சொல்வது: அச்சுக்கு மட்டும் என்றால் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

கொட்டேஷனில் எக்செல் அட்டவணை ஒன்றை ஒட்டினேன். அதற்கா இத்தனை எம்.பி.?

மண்ணடி, பாரிமுனை பக்கம் வியாபாரம் செய்கிறவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டும்.

எக்செல்லில் பத்து வரிகளை நகலெடுத்து சாதாரணமாக ஒட்டினால் வேர்டு அட்டவணையாக வரும், தொல்லை இல்லை. ஆனால் 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாக 'எக்செல் வொர்க்‌ஷீட் ஆப்ஜெக்ட்' என்று ஒட்டினாலோ, 'இன்செர்ட் ஆப்ஜெக்ட்' கொடுத்தாலோ, அந்த எக்செல் கோப்பு முழுவதும் உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெரிவது பத்து வரி. உள்ளே எல்லாத் தாள்களும் இருக்கின்றன. கொட்டேஷனைப் பெறும் வாடிக்கையாளர் அட்டவணையை இரண்டு முறை சொடுக்கினால் உங்கள் கொள்முதல் விலை, மற்ற வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் கொடுத்த தள்ளுபடி எல்லாவற்றையும் படிக்கலாம். கோப்பின் அளவு இங்கே சின்னக் கவலை.

கிராஃப் ஒட்டும்போதும் இப்படி நடக்கும். ஒட்டியதும் பக்கத்தில் தோன்றும் சின்னப் பொத்தானில் 'எம்பெட் வொர்க்புக்' என்று இருந்தால் முழுக் கோப்பும் வந்துவிட்டது என்று பொருள். அதில் 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தேவையில்லாத படங்களை எல்லாம் நீக்கிவிட்டேன். அளவு அப்படியே நிற்கிறது.

'டிராக் சேஞ்சஸ்' ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வழிகாட்டி திருத்திக் கொடுத்த கோப்பில் அது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் நீங்கள் நீக்கிய எதுவும் நீங்குவதில்லை. 'நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு உள்ளேயே இருக்கும். 'நோ மார்க்அப்' என்ற பார்வையில் வைத்திருந்தால் அந்தக் குறிப்பும் தெரியாது, கோப்பு சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். 'ரிவ்யூ' பட்டையில் 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ்' கொடுத்துச் சேமித்துப் பாருங்கள். திருத்தங்கள் எல்லாவற்றையும் வழிகாட்டி ஒப்புக்கொண்டபிறகு செய்யுங்கள்.

கோப்பு வேர்டு 2003 அல்லது அதற்கு முந்தைய காலத்தது என்றால் வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பதிப்புகளில் 'ஃபாஸ்ட் சேவ்' என்ற வசதி இருந்தது. ஒவ்வொரு முறையும் கோப்பை முழுதாக எழுதாமல், மாற்றங்களை மட்டும் வாலில் சேர்த்துக்கொண்டே போகும். அழித்த பத்திகள்கூட உள்ளே மிஞ்சியிருக்கும். 2007இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். டாக்எக்ஸாகச் சேமித்தால் அந்த வால் உதிர்ந்துவிடும்.

ஆர்.டி.எஃப். ஆகச் சேமித்தால் எளிமையான கோப்புதானே, சிறியதாக இருக்க வேண்டாமா?

எழுத்து மட்டும் இருந்தால் சரி. படம் இருந்தால் நேர்மாறு. ஆர்.டி.எஃப். என்பது முழுக்க எழுத்தாலான கோப்பு. படத்தின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்துகளாக எழுதும், அதிலேயே இரட்டிப்பு. போதாதென்று, பழைய மென்பொருள்களும் படத்தைக் காட்ட வேண்டுமே என்று, சுருக்கப்படாத இன்னொரு பிரதியையும் வேர்டு சேர்த்து எழுதும். இதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் நிறுத்தலாம் என்றாலும் அந்த வம்பு எதற்கு? டாக்எக்ஸ் இருக்கிறது.

ஜிப் செய்து அனுப்பினால் குறையாதா?

குறையாது. டாக்எக்ஸே ஜிப்தான், உள்ளிருக்கும் ஜேபெக் படங்களும் ஏற்கெனவே சுருங்கியவை. பிழிந்த துணியில் மறுபடி தண்ணீர் தேட வேண்டாம்.

'மீடியா' காலி, எழுத்துரு இல்லை, எக்செல் இல்லை. ஆனாலும் கோப்பு பெரிதாகவே இருக்கிறது, திறக்கவும் நேரமாகிறது.

பல ஆண்டுகளாகப் பல கோப்புகளிலிருந்து ஒட்டி ஒட்டி வளர்த்த ஆவணமாக இருக்கும். பயன்படாத ஸ்டைல்களும் புக்மார்க்குகளும் குவிந்திருக்கும். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-8 அழுத்திப் பத்திக் குறிகளைத் தெரியவையுங்கள். ஆவணத்தின் கடைசிப் பத்திக் குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதிய வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். அந்தக் கடைசிக் குறியோடு ஆவண அமைப்புகள் பலவும் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அதை விடச் சொல்கிறோம். கடைசிப் பகுதியின் ஹெடர், ஃபுட்டர், ஓர இடைவெளி ஆகியவை வராது. அவற்றைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். பக்க எண்களை ஒருமுறை சரிபாருங்கள்.

18 எம்.பி.தான். மின்னஞ்சலில் 25 எம்.பி. வரை போகும் என்றார்கள், போகவில்லையே?

இணைப்புகளை மின்னஞ்சல் எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்த மாற்றத்தில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 18 எம்.பி. 24 ஆகிவிடும். ஜிமெயிலின் 25 எம்.பி. வரம்பை அது ஏறக்குறைய தொட்டுவிடுகிறது. பெறும் அலுவலகத்தின் வரம்பு 10 எம்.பி.யாக இருந்தால் அதுவும் பிரச்சினை. கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்புங்கள், அல்லது வாட்ஸ்ஆப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். பிறகு நிதானமாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

பி.டி.எஃப். ஆக்கினால் போதாதா?

யாரும் திருத்தப்போவதில்லை என்றால் அதுவே நல்ல வழி. எஃப்12 அழுத்தி, வகையை பி.டி.எஃப். ஆக்கினால் 'மினிமம் சைஸ்' என்றொரு தெரிவு வரும். பார்வைக்கு மட்டும் என்றால் அதைக் கொடுங்கள். அச்சுக்கு 'ஸ்டாண்டர்டு'. பயன்படுத்திய எழுத்து வடிவங்கள் பி.டி.எஃப்.புக்குள்ளேயே போய்விடுவதால் எழுத்துருக் குழப்பமும் தீரும். ஆனால் விண்ணப்ப இணையதளங்கள் கே.பி. கணக்கில் வரம்பு வைத்திருக்கும்போது, முதலில் வேர்டில் படங்களைச் சுருக்கிவிட்டு அதன்பிறகு பி.டி.எஃப். ஆக்குங்கள். வரிசை மாறினால் பலன் குறைவு.

இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் இருக்கின்றனவே?

பாடக் குறிப்பு, அழைப்பிதழ் என்றால் பயன்படுத்துங்கள். பட்டா, ஆதார், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை உள்ள எதையும் முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள். வேர்டிலேயே செய்யக்கூடிய வேலைக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம்.

என்னிடம் லிப்ரே ஆஃபீஸ்தான் இருக்கிறது.

படத்தின் மேல் வலது சொடுக்கில் 'கம்ப்ரஸ்' வரும். ஒவ்வொரு படமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அலுப்பு. எழுத்துரு கட்டப்பட்டிருக்கிறதா என்பதை 'ஃபைல்', 'பிராபர்ட்டீஸ்', 'ஃபான்ட்' பகுதியில் பாருங்கள். அதன் ஓ.டி.டி. கோப்பும் ஜிப்தான். உள்ளே 'பிக்சர்ஸ்' என்ற ஃபோல்டரில் படங்கள் இருக்கும்.

மழை வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த படங்கள் நூறு இருக்கின்றன, சார். மனுவோடு சேர்க்க வேண்டும். ஏற்றும்போதே கணினி நின்றுவிடுகிறது.

நூறு மூலப்படங்களையும் ஒரே மூச்சில் சேர்க்காதீர்கள் அம்மா. பத்துப் படம் சேர்த்து, 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' கொடுத்து, சேமித்து, அடுத்த பத்துக்குப் போங்கள். பக்கத்துக்கு ஆறு படம் வரும்படி அட்டவணை போட்டு அதற்குள் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அங்குல அகலம்தான். 150இல் வைத்தாலே தண்ணீரின் மட்டம், சுவரில் உள்ள கோடு, வீட்டு எண் எல்லாம் தெரியும். மூலப்படங்களை அழித்துவிடாதீர்கள். எந்த நாள், எந்த நேரத்தில் எடுத்தது என்ற விவரம் அவற்றில்தான் இருக்கிறது. அதிகாரி கேட்டால் அவற்றைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

படங்களைச் சேர்க்கும்போது 'லிங்க் டு ஃபைல்' என்ற தெரிவைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். கோப்பு இளைத்துவிடும், உண்மைதான். ஆனால் படங்கள் உங்கள் கணினியிலேயே இருந்துவிடும். பென் டிரைவில் வேர்டு கோப்பை மட்டும் கொண்டுவந்தால் எங்கள் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

சுருக்கியது அதிகமாகிவிட்டது. அச்சில் வரைபடம் மங்கலாக வந்திருக்கிறது. பழைய தரத்தைத் திரும்பப் பெற வழியுண்டா?

அந்தக் கோப்பிலிருந்து முடியாது. ஆனால் சுருக்குவதற்கு முன் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். மின்னஞ்சலின் 'சென்ட்' பகுதி, வாட்ஸ்ஆப் உரையாடல், நண்பரின் பென் டிரைவ் எல்லாவற்றையும் தேடுங்கள். பழைய பிரதி கிடைத்தால் ஜிப் ஆக்கி 'மீடியா'விலிருந்து அந்த வரைபடத்தை மட்டும் எடுங்கள். புதிய கோப்பில் மங்கலான படத்தின் மேல் வலது சொடுக்கில் 'சேஞ்ச் பிக்சர்' கொடுத்து அதைத் தேர்ந்தெடுத்தால், தாளில் படம் இருந்த இடம் பொதுவாக மாறாமல் தரம் மட்டும் திரும்பிவிடும். உயர அகல விகிதம் வேறாக இருந்தால் மட்டும் சற்றுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பிறகு கோப்பு முழுவதற்கும் மறுபடி 'கம்ப்ரஸ்' கொடுத்துவிடாதீர்கள்.